மூச்சைத் தாங்கும் மூலக்கூற்றுப் படலம்

"ஏழில் பிறந்த பிள்ளை தங்கும், எட்டில் பிறந்தது தங்காது." இந்தச் சொல்லை நீங்களும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயிலாகக் கேட்டிருப்பீர்கள்.

எங்கள் ஊர் மேல்பட்டாம்பாக்கம். பண்ருட்டியிலிருந்து கடலூர் போகும் சாலையில் நெல்லிக்குப்பத்திற்கு முன்னால் வரும். ஓர் ஐப்பசி மாத மழை நாளில், அடுத்த தெருவில் இருக்கும் ஆயா ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். அவருடைய பேத்திக்கு எட்டாம் மாதத்திலேயே, முப்பத்திரண்டு வாரத்தில், குழந்தை பிறந்துவிட்டது. குழந்தையைக் கடலூரில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்.

"ஏழுலயே பொறந்திருந்தாலும் பொழச்சிருக்கும் தம்பி. எட்டுல பொறந்துடுச்சே! அதுவும் டாக்டரு என்னமோ மருந்தை நேரா நுரையீரலுக்குள்ளயே ஊத்தணும்னு சொல்றாராம். மூச்சு வுடற எடத்துல தண்ணி மாதிரி மருந்தை ஊத்தினா புள்ள மூச்சு முட்டிப் போயிடாதா? நீ காலேஜில பாடம் சொல்ற புள்ள, நீ சொல்லு."

நான் கற்பிப்பது இயற்பியல், மருத்துவம் அன்று. ஆயினும் ஆயா கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் விடை என் பாடத்திலேயே இருந்தது. தண்ணீரின் மேல் மிதக்கும் ஒரு படலத்தைப் பக்கவாட்டில் நெருக்கினால் என்ன நிகழ்கிறது என்பதே அந்த விடை. ஆயாவுக்குச் சில வாக்கியங்களில் சொன்னதை உங்களுக்குச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தண்ணீரின் தோல்

ஓர் அகன்ற தட்டில் தூய தண்ணீர் எடுத்துக் கொள்ளுங்கள். தட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. ஒரு சாண் நீளமுள்ள தையல் நூலின் இரு முனைகளையும் முடிச்சிட்டு ஒரு வளையமாக்குங்கள். அதை நனைத்து, நீரின் மேல் மெதுவாக மிதக்க விடுங்கள். நூல் கோணல் மாணலாகக் கிடக்கும். இப்போது ஒரு தீக்குச்சியின் முனையில் சிறிது சோப்பைத் தடவி, வளையத்தின் நடுவில் நீரைத் தொடுங்கள். நூல் சட்டென்று விரிந்து அழகிய வட்டமாகிவிடும்!

நூலை விரித்தது எது? நீரின் உள்ளே இருக்கும் ஒரு மூலக்கூற்றை எல்லாப் பக்கமும் உள்ள மற்ற மூலக்கூறுகள் சமமாக இழுக்கின்றன. பரப்பில் உள்ள மூலக்கூற்றுக்கு மேலே துணை இல்லை. ஆகவே நீர் எப்போதும் தன் பரப்பைக் குறைத்துக் கொள்ளவே முயல்கிறது. இழுத்துக் கட்டிய தோல் போல அதன் பரப்பு விறைப்பாக நிற்கிறது. இதைத்தான் பரப்பு இழுவிசை என்கிறோம். 25 பாகை செல்சியசில் தூய நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லி நியூட்டன். பழைய பாடநூல்களில் சென்டிமீட்டருக்கு 72 டைன் என்று படித்திருப்பீர்கள், இரண்டும் ஒன்றே.

சோப்பு தொடுமுன் நூலின் உள்ளேயும் வெளியேயும் ஒரே இழுவிசைதான் இருந்தது. எனவே நூல் எந்தப் பக்கமும் போகாமல் கிடந்தது. சோப்பு உள்ளே பரவியதும் உட்பக்கத்தின் இழுவிசை ஏறத்தாழ 30 ஆகக் குறைந்துவிட்டது. வெளிப்பக்கத்தில் 72 அப்படியே இருக்கிறது. கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு கட்சி தளர்ந்தால் என்ன ஆகும்? கயிறு மறு கட்சியின் பக்கம் போகும். நூலும் அப்படியே வெளிப்பக்கம் போனது.

இதையே வேறு விதமாகவும் பார்க்கலாம். உள்ளே இருக்கும் சோப்புப் படலம் நூலை வெளியே தள்ளுகிறது என்றும் சொல்லலாம் அல்லவா? இந்தத் தள்ளு விசைக்குத்தான் பரப்பு அழுத்தம் என்று பெயர். அதன் கணக்கு மிக எளிது:

பரப்பு அழுத்தம் = தூய நீரின் பரப்பு இழுவிசை − படலம் மூடிய நீரின் பரப்பு இழுவிசை.

நம் சோதனையில் 72 − 30 = 42. பரப்பு அழுத்தம் ஏற ஏற, பரப்பு இழுவிசை அதே அளவு இறங்குகிறது. இந்த ஒரு வரியை மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள். குழந்தையின் உயிர் இதில்தான் தொங்குகிறது.

சமையலறையில் ஓர் ஆராய்ச்சி

பரப்புப் படலங்களைப் பற்றிய முறையான ஆராய்ச்சி ஒரு சமையலறையில் தொடங்கியது என்றால் வியப்பாக இருக்கும். செருமனியின் பிரவுன்சுவைக் நகரில் ஆக்னசு பாக்கெல்சு என்ற பெண் வாழ்ந்தார். 1862-இல் பிறந்தவர். அக்காலத்தில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. நோயுற்ற பெற்றோரைப் பேணிக்கொண்டு வீட்டு வேலை செய்து வந்த அவர், பாத்திரம் கழுவும் நீரில் பிசுக்குப் படர்வதைக் கவனித்தார். ஒரு நீண்ட தகரத் தொட்டியில் விளிம்பு வரை நீர் நிரப்பினார். குறுக்கே ஒரு தகரப் பட்டையை வைத்து முன்னும் பின்னும் நகர்த்தினார். ஒரு சிறு பொத்தானை நீரின் பரப்பிலிருந்து தூக்க எவ்வளவு விசை தேவை என்று தராசில் அளந்தார். பட்டையை நகர்த்திப் படலத்தை நெருக்கினால், ஓர் எல்லை வரை இழுவிசை மாறுவதில்லை. அதற்கு மேல் நெருக்கினால் அது விரைவாகக் குறைகிறது என்று கண்டார்.

1891-இல் தம் முடிவுகளைப் புகழ்பெற்ற ஆங்கிலேய இயற்பியலார் இராலே பிரபுவுக்குச் செருமன் மொழியில் கடிதமாக எழுதினார். இராலே அக்கடிதத்தை மொழிபெயர்க்கச் செய்து 'நேச்சர்' இதழுக்குப் பரிந்துரைத்தார். அவ்வாண்டே அது வெளிவந்தது. பின்னர் 1917-இல் அமெரிக்கரான இர்விங் லாங்மியூர் அந்தத் தொட்டியை நுட்பமான கருவியாக்கினார். படலம் ஒரே ஒரு மூலக்கூற்றின் கனமே உடையது, அதில் மூலக்கூறுகள் குறிப்பிட்ட திசை நோக்கி நிற்கின்றன என்று நிறுவினார். 1932-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அந்தத் தொட்டி லாங்மியூர் தொட்டி என்றே வழங்குகிறது. நம் நாட்டில் பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிறுவனத்திலும், சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் இத்தகைய படலங்களைப் பற்றிய ஆய்வுகள் நடந்துள்ளன.

ஒரு தலையும் இரண்டு வால்களும்

இனி நம் கதாநாயகனைப் பார்ப்போம். முட்டையின் மஞ்சள் கருவில் லெசித்தின் என்ற பொருள் இருக்கிறது. கிரேக்க மொழியில் மஞ்சள் கருவைக் குறிக்கும் சொல்லிலிருந்தே அதற்கு அந்தப் பெயர் வந்தது. இது பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் உடலின் ஒவ்வொரு உயிரணுவின் சுவரும் பெரும்பாலும் இந்தக் குடும்பத்தால் ஆனதே.

பாஸ்போலிப்பிடு மூலக்கூற்றுக்கு ஒரு தலையும் இரண்டு வால்களும் உண்டு. பாஸ்பேட்டு அடங்கிய தலை நீரை விரும்புகிறது. கொழுப்பு அமிலச் சங்கிலிகளால் ஆன வால்கள் நீரை வெறுக்கின்றன. நீரின் மேல் இட்டால் தலை நீருக்குள் அமிழ்ந்திருக்க, வால்கள் காற்றில் நீட்டிக்கொண்டு நிற்கும். நாற்றங்காலில் வேர் சேற்றிலும் தாள் காற்றிலும் நிற்பது போல.

இக்குடும்பத்தில் ஒன்றை மட்டும் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். அதன் முழுப்பெயர் டைபால்மிட்டாயில் பாஸ்பாட்டிடைல் கோலின். பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, டி.பி.பி.சி. என்று சுருக்கமாக அழைப்போம். இதன் இரண்டு வால்களும் பால்மிட்டிக் அமிலச் சங்கிலிகள். ஒவ்வொன்றிலும் 16 கரியணுக்கள் கோணலின்றி நேராக நிற்கக் கூடியவை.

இது மிகச் சிக்கனமான பொருள். நெருங்கி நிற்கும் நிலையில் ஒரு மூலக்கூறு பிடிக்கும் இடம் ஏறத்தாழ அரைச் சதுர நானோமீட்டர். மூலக்கூற்று எடை 734. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு சதுர மீட்டர் நீர்ப்பரப்பை மூட சுமார் இரண்டரை மில்லிகிராம் போதும். ஒரு கிராம் இருந்தால் பத்து சென்ட் நிலத்தின் பரப்பை மூடிவிடலாம்!

பண்ருட்டிப் பேருந்து

இந்த டி.பி.பி.சி. படலத்தை லாங்மியூர் தொட்டியில் பரப்பிவிட்டுப் பட்டையை மெல்ல நகர்த்தி நெருக்கினால் என்ன ஆகும்? எங்கள் ஊர் வழியாகப் போகும் பண்ருட்டி–கடலூர் பேருந்தில் ஒரு நாள் காலையில் ஏறியவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

பேருந்து புறப்படும்போது ஆட்கள் குறைவு. ஒருவர் அங்கே, ஒருவர் இங்கே. ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரிவதே இல்லை. படலத்திலும் முதலில் இப்படித்தான். ஒவ்வொரு மூலக்கூற்றுக்கும் தாராளமாக இடம் இருக்கிறது. பரப்பு அழுத்தம் கிட்டத்தட்டச் சுழி. இது இரு பரிமாண வாயு நிலை. அவ்வளவு தூரம் விரிந்த படலம் இருந்தும் இல்லாதது போலத்தான். நீரின் இழுவிசை 72 அப்படியே நிற்கும்.

எங்கள் ஊரில் இன்னும் சிலர் ஏறுகிறார்கள். இப்போது தோள்கள் உரசுகின்றன. ஆனாலும் நகரலாம், திரும்பலாம். மூலக்கூறு ஒன்றுக்கு இடம் ஒரு சதுர நானோமீட்டருக்குக் குறையும்போது பரப்பு அழுத்தம் மெல்லத் தலைகாட்டுகிறது. வால்கள் வளைந்து நெளிந்து ஒழுங்கின்றி அசைகின்றன. இது விரிந்த நீர்ம நிலை.

நெல்லிக்குப்பத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஏறுகிறார்கள். "உள்ளே போ, உள்ளே போ" என்கிறார் நடத்துநர். சாய்ந்து நின்றவர்கள் நிமிர்கிறார்கள். பைகள் மேலே போகின்றன. ஒரு பகுதியில் எல்லோரும் நேராக அடுக்கி நிற்க, மற்றொரு பகுதியில் இன்னும் தளர்ச்சி இருக்கிறது. படலத்திலும் இதே காட்சிதான். நெருக்கிக் கொண்டே போனாலும் சிறிது நேரம் பரப்பு அழுத்தம் அதிகமாக ஏறுவதில்லை. அறை வெப்பநிலையில் 5-க்கும் 10-க்கும் இடையில் அது ஏறக்குறையச் சமமாக நிற்கிறது. நீராவியை அமுக்கும்போது அழுத்தம் ஏறாமல் அது நீராக மாறுவது போல, இங்கே விரிந்த நிலை செறிந்த நிலையாக மாறிக் கொண்டிருக்கிறது. ஒளிரும் சாயம் சிறிது கலந்து நுண்ணோக்கியில் பார்த்தால், ஒளிரும் பரப்பின் நடுவே அவரை விதை வடிவில் கரிய தீவுகள் தோன்றி வளர்வதைக் காணலாம். அந்தத் தீவுகளே செறிந்த பகுதிகள்.

கடலூர் நெருங்கும்போது அசைய இடமில்லை. எல்லோரும் விறைத்து நிற்கிறார்கள். மூலக்கூறு ஒன்றுக்கு இடம் அரைச் சதுர நானோமீட்டருக்கும் கீழே போகிறது. இப்போது ஒரு சிறிது நெருக்கினாலே பரப்பு அழுத்தம் செங்குத்தாக ஏறுகிறது: 20, 40, 60, 70. படலம் ஏறத்தாழத் திண்மம் போலாகிவிட்டது. அதற்கும் மேல் தள்ளினால்? பேருந்தில் சிலர் படிக்கட்டுக்குத் தள்ளப்படுவார்கள். படலமும் தன் ஓரடுக்கு ஒழுங்கை இழந்து, மடிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்கிறது. இதைப் படலத்தின் சரிவு என்பர்.

சரிவுக்கு முன் டி.பி.பி.சி. எட்டிய அழுத்தத்தைப் பாருங்கள்: ஏறத்தாழ 70. நம் ஒரு வரிக் கணக்கைப் போடுங்கள். 72 − 70 = 2. நீரின் பரப்பு இழுவிசை கிட்டத்தட்ட மறைந்தே போய்விட்டது! தண்ணீர் இருக்கிறது, அதன் தோலின் விறைப்பு இல்லை.

எல்லாப் பாஸ்போலிப்பிடுகளாலும் இது முடியாது. மஞ்சள் கருவின் லெசித்தினில் பல மூலக்கூறுகளின் ஒரு வால் நடுவில் வளைந்திருக்கும். வளைந்த வால்கள் நெருங்கி அடுக்க இடம் தராதவை. அவை 45-ஐ ஒட்டியே சரிந்துவிடுகின்றன. குளிரில் நெய் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. நேரான சங்கிலிகள் மிகுந்தது நெய். வளைந்த சங்கிலிகள் மிகுந்தது நல்லெண்ணெய். அதே வேறுபாடுதான் இங்கும்.

வெப்பநிலைக்கும் பங்கு உண்டு. டி.பி.பி.சி.யின் வால்கள் உருகித் தளரும் வெப்பநிலை 41 பாகை செல்சியசு. நம் உடலின் வெப்பநிலையோ 37. ஆகவே உடலுக்குள்ளும் இது இறுக அடுக்கி நிற்க முடிகிறது. ஆனால் அறை வெப்பநிலையில் 10-க்குள் நிகழ்ந்த நிலைமாற்றம் உடல் வெப்பநிலையில் 30-க்கு மேல்தான் நிகழ்கிறது.

நெஞ்சுக்குள் நீர்க்குமிழிகள்

இப்போது நுரையீரலுக்குள் போவோம். அங்கே காற்றுக் குழல் கிளைத்துக் கிளைத்து, கடைசியில் சிறு சிறு அறைகளில் முடிகிறது. வளர்ந்த மனிதர் ஒருவருக்கு இத்தகைய நுண்ணறைகள் 30 கோடி முதல் 50 கோடி வரை இருக்கும். ஒவ்வொன்றின் ஆரமும் சுமார் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர். ஒவ்வொன்றின் உட்சுவரையும் மெல்லிய நீர்ப்படலம் நனைத்திருக்கிறது. அதாவது ஒவ்வொரு நுண்ணறையும் நீரால் சூழப்பட்ட ஒரு காற்றுக் குமிழி.

குமிழி என்றதும் லாப்லாசின் விதி நினைவுக்கு வர வேண்டும். நீருக்குள் இருக்கும் குமிழி சுருங்கிவிடாமல் இருக்க, உள்ளே இருக்க வேண்டிய மிகை அழுத்தம், பரப்பு இழுவிசையின் இரு மடங்கை ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். தூய நீர் என்று வைத்துக் கொள்வோம். உடல் வெப்பநிலையில் இழுவிசை 70 மில்லி நியூட்டன், ஆரம் 0.1 மில்லிமீட்டர். விடை 1400 பாஸ்கல், அதாவது 14 சென்டிமீட்டர் உயர நீரின் அழுத்தம். ஆனால் அமைதியாக மூச்சு விட்டு முடித்த நிலையில் நுரையீரலை விரித்து வைக்க நம் மார்புக்கூடு தருவது சுமார் 5 சென்டிமீட்டர்தான். கணக்குப்படி பார்த்தால், ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் நம் நுண்ணறைகள் மூடிக்கொள்ள வேண்டும்!

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆரம் வகுக்கும் எண்ணாக இருப்பதால், குமிழி சிறுத்தால் தேவைப்படும் அழுத்தம் கூடும். ஒரு குழாயின் இரு முனைகளிலும் சிறியதும் பெரியதுமாக இரண்டு சோப்புக் குமிழிகளை ஊதி இணைத்தால், சிறியது தன் காற்றைப் பெரியதற்குத் தந்துவிட்டு மறையும். நுண்ணறைகள் ஒன்றுக்கொன்று சுவரால் இணைந்து தாங்கிக் கொள்வதால் ஓரளவு தப்பிக்கின்றன. ஆனால் அது மட்டும் போதாது.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் உடல் டி.பி.பி.சி. படலத்தைத் தயாரிக்கிறது. நுண்ணறைச் சுவரில் உள்ள ஒரு வகை உயிரணுக்கள் இதைச் சுரந்து நீரின் மேல் பரப்புகின்றன. மருத்துவர்கள் இந்தச் சுரப்பைச் சர்பாக்டன்ட் என்கிறார்கள். மூச்சை வெளியே விடும்போது நுண்ணறை சிறுக்கிறது. அதன் பரப்பு குறைகிறது. அதாவது லாங்மியூர் தொட்டியின் பட்டை உள்ளே நகர்கிறது! மூலக்கூறுகள் நெருங்குகின்றன, பரப்பு அழுத்தம் ஏறுகிறது, இழுவிசை சுழியை நோக்கி இறங்குகிறது. இழுவிசை 2 என்றால், 14 சென்டிமீட்டர் வேண்டிய இடத்தில் அரைச் சென்டிமீட்டர்கூட வேண்டியதில்லை. நுண்ணறை மூடாமல் திறந்தே நிற்கிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது படலம் மீண்டும் விரிகிறது. நாம் பிறந்த கணத்திலிருந்து ஒவ்வொரு மூச்சிலும் இந்தப் பட்டை உள்ளும் புறமும் நகர்ந்து கொண்டே இருக்கிறது.

இறுக அடுக்கி நிற்கும் பொருள் விரைந்து பரவாது என்பது இதில் உள்ள ஒரே குறை. அதற்கும் உடல் வழி செய்திருக்கிறது. டி.பி.பி.சி.யோடு வளைந்த வாலுள்ள கொழுப்புகளையும், பரவ உதவும் சிறு புரதங்களையும் கலந்தே சுரக்கிறது.

மறந்து போன ஒரு சோதனை

இது தெரிய நெடுங்காலம் ஆயிற்று. 1929-இல் சுவிட்சர்லாந்தில் கர்ட் வான் நீர்கார்டு என்பவர் நுரையீரலைக் காற்றாலும் பிறகு நீர்மத்தாலும் நிரப்பிப் பார்த்தார். நீர்மத்தால் நிரப்பக் குறைந்த அழுத்தமே போதுமாக இருந்தது. நீர்மம் நிறைந்தால் காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பே இல்லை. ஆகவே பரப்பு இழுவிசையும் இல்லை. நுரையீரலைச் சுருக்குவதில் பெரும்பங்கு பரப்பு இழுவிசைக்கே என்று அவர் முடிவு கட்டினார். கால் நூற்றாண்டு யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

1955-இல் இங்கிலாந்தில் ரிச்சர்டு பேட்டில், நுரையீரலிலிருந்து வரும் நுரையின் குமிழிகள் உடையாமல் நிலைத்து நிற்பதைக் கண்டார். 1957-இல் அமெரிக்காவில் ஜான் கிளெமென்ட்சு, நுரையீரலிலிருந்து எடுத்த பொருளைத் தொட்டியில் பரப்பி நெருக்கினார். பரப்பு குறையக் குறைய இழுவிசை வெகுவாக இறங்கியது. விரித்தால் மீண்டும் ஏறியது. 1959-இல் மேரி எல்லன் ஏவரி என்ற பெண் மருத்துவரும் ஜெரி மீடும், மூச்சுத் திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் இந்தப் பொருள் போதவில்லை என்று காட்டினர். அதுவரை காரணம் தெரியாமல் இருந்த ஒரு நோய்க்குக் காரணம் தெரிந்தது.

காரணம் தெரிந்ததும் உடனே மருந்து வந்துவிடவில்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடிக்குப் பிறந்த மகன் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்தவன். உலகின் மிகச் சிறந்த மருத்துவர்கள் சூழ இருந்தும் 39 மணி நேரமே உயிரோடு இருந்தான். இதே நோய்தான்.

வழி இரண்டு திசைகளிலிருந்து வந்தது. 1972-இல் நியூசிலாந்தில் லிக்கின்சு, ஹோவி என்ற இருவரும், குறைமாதத்தில் வலி கண்ட தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால், வயிற்றில் உள்ள குழந்தையின் நுரையீரல் விரைவில் முதிர்கிறது என்று காட்டினர். 1980-இல் ஜப்பானில் டெட்சுரோ புஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து பிரித்த சர்பாக்டன்டைப் பத்துக் குறைமாதக் குழந்தைகளின் மூச்சுக்குழல் வழியே செலுத்தி நல்ல பலன் கண்டார். 1990-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற முதல் சர்பாக்டன்ட் மருந்து செயற்கையானது. அதன் முக்கியப் பொருள் டி.பி.பி.சி. தான். அதை உருவாக்கியவர் அதே கிளெமென்ட்சு.

ஆயாவுக்குச் சொன்ன விடை

ஆயாவின் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக் கொள்வோம். மூச்சு விடும் இடத்தில் மருந்தை ஊற்றலாமா?

ஊற்றலாம். குழந்தையின் நுரையீரலில் ஏற்கெனவே நீர்ப்படலம் இருக்கிறது. கருப்பையில் அது நிறையவே இருந்தது. சிக்கல் நீர் இருப்பதில் இல்லை; அந்த நீரின் தோல் விறைப்பாக இருப்பதில்தான். படலம் போதாத குழந்தை ஒவ்வொரு மூச்சையும் முதல் மூச்சு போலவே மல்லுக்கட்டி எடுக்க வேண்டும். விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே குழியும். மூச்சு விடும்போது முனகல் கேட்கும். சில மணி நேரத்தில் குழந்தை களைத்துப் போகும். மருத்துவர் செலுத்துவது ஒரு சில மில்லி லிட்டர் மருந்துதான். குழந்தையின் எடையில் கிலோவுக்கு சுமார் 100 மில்லிகிராம் கொழுப்பு அதில் இருக்கும். ஒரு சதுர மீட்டருக்கு இரண்டரை மில்லிகிராம் போதும் என்று முன்பு கணக்கிட்டோம் அல்லவா? நுண்ணறைகளை எல்லாம் மூடிய பிறகும் கையிருப்பு இருக்கும்.

இனி முதல் கேள்வி. ஏழில் பிறந்தது தங்கும், எட்டில் பிறந்தது தங்காது என்பது சரியா? இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. பழங்காலக் கிரேக்க மருத்துவ நூல்களிலும் உண்டு. ஆனால் படலம் சொல்லும் கதை இதற்கு நேர்மாறானது. கருவில் இருக்கும் குழந்தையின் நுரையீரல் ஏறத்தாழ 24 வாரத்தில் சர்பாக்டன்டைத் தயாரிக்கத் தொடங்குகிறது. வாரத்துக்கு வாரம் அது பெருகி, 34, 35 வாரத்தை ஒட்டியே பெரும்பாலும் போதுமான அளவை எட்டுகிறது. 28 வாரத்தில் பிறந்த குழந்தையைவிட 32 வாரத்தில் பிறந்த குழந்தையிடம் படலம் மிகுதி. எட்டாம் மாதத்தில் ஏணி திடீரென்று ஒரு படி கீழே இறங்குவதில்லை.

இது வெறும் சொல் விவகாரம் அன்று. "எட்டில் பிறந்தது, எப்படியும் தங்காது" என்று ஒரு குடும்பம் மனம் தளர்ந்து, மருத்துவமனைக்குப் போவதை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டால், அந்த ஒரு மணி நேரம் குழந்தைக்கு மிகப் பெரிது. "ஏழில் பிறந்தது, எப்படியும் தங்கிவிடும்" என்று அசட்டையாக இருந்தால் அதுவும் கேடுதான்.

பிறப்பதற்கு முன்பே செய்யக் கூடியதும் உண்டு. 24 முதல் 34 வாரத்துக்குள் குறைப்பிரசவ வலி கண்ட தாய்க்கு டெக்சாமெத்தசோன் என்னும் விலை மலிந்த ஸ்டீராய்டு ஊசி போட நடுவண் அரசு 2014-இல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. அந்த ஊசி உண்மையில் பயன் தருமா என்று உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் சோதித்து 2020-இல் முடிவை வெளியிட்டது. 26 முதல் 33 வாரத்திற்குள் பிரசவமாகும் நிலையில் இருந்த 2852 தாய்மார்கள் அதில் பங்கு கொண்டனர். ஊசி போடாதவர்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 23.5 பேர் பிறந்த நான்கு வாரத்துக்குள் இறந்தனர். ஊசி போட்டவர்களின் குழந்தைகளில் 19.6 பேர். ஏறத்தாழ இருபத்தைந்து தாய்மாருக்கு ஊசி போட்டால் ஒரு குழந்தை கூடுதலாகப் பிழைக்கிறது என்று பொருள். யாருக்கு, எப்போது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நாம் செய்ய வேண்டியது ஒன்றே: நாள் நிறையுமுன் வலி கண்டால் "பொய் வலியாக இருக்கும்" என்று வீட்டில் காத்திராமல் உடனே 108-ஐ அழைத்து, குறைமாதக் குழந்தையைப் பேணும் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விடுவது.

அன்று நான் ஆயாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. ஒரு தட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, நூல் வளையத்தை மிதக்க விட்டு, சோப்பால் தொட்டுக் காட்டினேன். சுருண்டு கிடந்த நூல் விரிந்து வட்டமாவதை ஆயா பார்த்தார்.

"அந்தப் புள்ள நெஞ்சிலயும் இப்படித்தான் விரியுமா?"

"ஆமாம் ஆயா. எட்டு மாசம்கிறது ஏழைவிட நல்லதுதான். கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

மருந்து செலுத்தப்பட்டது. ஐந்து வாரம் கழித்துக் குழந்தை வீட்டுக்கு வந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை என்பதையும் நான் அறிவேன். ஆயினும் இன்று அந்தப் பெண் குழந்தை எங்கள் தெரு வழியாக அங்கன்வாடிக்கு ஓடும்போது, அவள் விடும் ஒவ்வொரு மூச்சிலும் ஒரு மூலக்கூறு கனமுள்ள ஒரு படலம் நெருங்கி நிமிர்ந்து நின்று நெஞ்சைத் தாங்குவதை நினைத்துக் கொள்கிறேன்.

நீங்களும் ஒருமுறை மூச்சை ஆழ இழுத்து, மெதுவாக விட்டுப் பாருங்கள். பட்டை உள்ளே நகர்ந்துவிட்டது. பரப்பு அழுத்தம் ஏறிவிட்டது. அடுத்த மூச்சுக்கு நுரையீரல் ஆயத்தமாக இருக்கிறது.